நிறம் போனால் நீர் சுத்தமா? – வாசகர் கேள்வி பதில்

சாயம், மருந்து எச்சம், பீனால் போன்ற கரிமக் கழிவுகளை ஒளிவினையூக்கி (ஒளி பட்டால் வேதிவினையைத் தூண்டும் பொருள்) கொண்டு நீரில் சிதைப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். அளவுகள் யாவும் ஆய்வகத்தில் செய்து பார்க்கத்தக்க அளவுகள்.

கேள்வி: பருத்திப் பின்னல் துணிக்கு ரியாக்டிவ் சாயம் போடுகிறோம். டைட்டானியம் டை ஆக்சைடு தூளைக் கழிவுநீரில் கலந்து வெயிலில் வைத்தால் சாயம் சிதைந்துவிடும் என்கிறார்கள். அப்படியானால் ஆர்.ஓ. (மெம்பரேன் என்னும் சவ்வால் உப்பைப் பிரிக்கும் முறை), ஈவாப்பரேட்டர் (ஆவியாக்கி) இரண்டும் தேவையில்லையா? – சாயப்பட்டறை மேலாளர், திருப்பூர்

பதில்: தேவைதான். ஒளிவினையூக்கி உடைப்பது கரிம மூலக்கூறுகளை மட்டுமே. நீங்கள் சாயம் பிடிக்கப் போடும் கிளாபர் உப்போ சாதா உப்போ லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை இருக்கும். அதில் ஒரு கிராமைக்கூட இது குறைக்காது. நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்ததில் உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. திரவக் கழிவு வெளியேறாத முறையை அமைக்காத பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும், ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் வந்ததும் இதனால்தான். கலர் போன உப்புத் தண்ணீரை வயலுக்கு விட்டால் மண் கெடுவது கெட்டதுதான்.

டை பாத்திலிருந்து (சாயத் தொட்டியிலிருந்து) வரும் நீரில் தூளை நேரடியாகப் போட்டால் மூன்று தடைகள் வரும். முதலாவது வெளிச்சம். அடர்ந்த சாயநீரில் முதல் ஒரு சென்டிமீட்டருக்குள்ளேயே ஒளியின் பெரும்பகுதியைச் சாயமே உறிஞ்சிவிடும். அடியில் கிடக்கும் தூள் இருட்டில் சும்மா கிடக்கும்.

இரண்டாவது சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்). கரிமத்தை உடைக்கும் வேலையைச் செய்வது ஹைட்ராக்சில் ராடிக்கல் என்னும் தீவிர வினைத்துகள். அது கார்பனேட்டைக் கண்டால் அதோடு வினைபுரிந்து வீணாகிவிடும். பைகார்பனேட்டும் அதை விழுங்கும், ஆனால் கார்பனேட் சுமார் 45 மடங்கு வேகமாக விழுங்கும். பிஎச் 10.3-க்கு மேல் போனால் கார்பனேட்டே அதிகம்; உங்கள் டை பாத் நிற்பது அங்கேதான். போதாக்குறைக்கு, டைட்டானியம் டை ஆக்சைடின் மேற்பரப்பு பிஎச் சுமார் 6-க்கு மேல் எதிர்மின் தன்மை பெறும். ரியாக்டிவ் சாயத்தின் சல்போனேட் தொகுதிகளும் எதிர்மின். ஒன்றையொன்று விலக்குவதால் சாயம் தூளின் மேல் ஒட்டுவதே இல்லை.

மூன்றாவது செலவு. அமிலம் ஊற்றி பிஎச்சைக் குறைக்கலாமே என்று தோன்றும். லிட்டருக்கு 10 கிராம் சோடா ஆஷ் உள்ள நீரில் கார்பனேட்டை முழுவதும் வெளியேற்ற ஆயிரம் லிட்டருக்கு 9 கிலோவுக்கும் மேல் கந்தக அமிலம் வேண்டும். அது சல்பேட்டாக நீரிலேயே தங்கி டி.டி.எஸ். எனும் மொத்தக் கரைந்த உப்பளவைக் கூட்டும்.

ஒளிவினையூக்கிக்குப் பொருத்தமான இடம் பாக்டீரியா கழிவைத் தின்னும் பயாலஜிக்கல் டேங்குக்குப் பிறகு, ஆர்.ஓ.வுக்கு முன்னால். அங்கே மிச்சமிருக்கும் லேசான நிறத்தையும், பாக்டீரியா தின்னாத சி.ஓ.டி.யையும் (ஆக்சிஜனேற்றக்கூடிய கழிவின் அளவு) குறைத்தால் மெம்பரேன் அடைப்பு குறையும். ஆனால் தூள் ஒரு துளியும் மெம்பரேனுக்குப் போகக் கூடாது.

முதலீட்டுக்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பயாலஜிக்கல் டேங்கின் வெளிநீர் 3 லிட்டர் எடுத்து, பிஎச்சை 5 முதல் 6-க்குள் கொண்டுவந்து, மீன்தொட்டி ஏர் பம்பால் கால் மணி நேரம் காற்றூதிக் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுங்கள். ஒரே மாதிரியான மூன்று கண்ணாடித் தட்டுகளில் 4 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பிரித்து ஊற்றுங்கள். முதல் தட்டில் லிட்டருக்கு அரை கிராம் பி25 வகைத் தூள் (ஒப்பீட்டுக்குப் பொதுவாக எடுக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு), வெயில். இரண்டாவதில் தூள் இல்லை, வெயில் மட்டும். மூன்றாவதில் தூள் உண்டு, ஆனால் தகரத் தட்டால் மூடியிருக்கும். காலை 10 முதல் 2 மணி வரை மூன்றுக்கும் காற்று ஓடட்டும். நீர்மட்டத்தைத் தட்டின் பக்கத்தில் குறித்து வைத்து, ஆவியானதை மணிக்கொரு முறை வாலை வடிநீரால் நிரப்புங்கள். 4 சென்டிமீட்டர் ஆழத்தில் 4 மில்லிமீட்டர் வற்றினாலே செறிவு பத்து சதவீதத்துக்கு மேல் ஏறி, கணக்கைக் கெடுத்துவிடும். கடைசியில் நிறத்தோடு சி.ஓ.டி.யையும் மொத்தக் கரிமக் கார்பனையும் அளக்கக் கொடுங்கள். உப்பு நீர் என்பதைச் சொல்லியே கொடுங்கள்: குளோரைடு சி.ஓ.டி.யைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும், லேபில் மெர்குரிக் சல்பேட் போட்டு அதைக் கட்ட வேண்டும்.

முதல் தட்டுக்கும் மற்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாடே வினையூக்கி செய்த வேலை. சிறு வேறுபாடுதான் வந்தால் திட்டத்தை விட்டுவிடுங்கள். நிறம் போய் கார்பன் குறையவில்லை என்றாலும் விட்டுவிடுங்கள். அசோ சாயம் பாதியில் உடைந்தால் அரோமேட்டிக் அமைன்கள் மிஞ்சலாம். அவை நிறமற்றவை, ஆனால் அவற்றில் சில சாயத்தைவிட நச்சு.

கேள்வி: 'மாற்றியமைத்த' ஒளிவினையூக்கி என்கிறார்களே, எதை மாற்றுகிறார்கள்? – மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியர், தேனி

பதில்: 1972-இல் ஜப்பானின் புஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்வாயில் ஒளிபட்டால் நீர் பிளவுபடுவதைக் காட்டினார்கள். அதே பொருள் கரிம மாசையும் உடைக்கும் என்பது அந்தப் பத்தாண்டிலேயே தெரிந்துவிட்டது. ஒளி பட்டதும் எலெக்ட்ரான் மேல் ஆற்றல் பட்டைக்குத் தாவும், கீழ்ப் பட்டையில் ஒரு துளை (எலெக்ட்ரான் இல்லாத இடம்) விழும். துளை நீரிலிருந்து ஹைட்ராக்சில் ராடிக்கலை உண்டாக்கும். எலெக்ட்ரான் ஆக்சிஜனைப் பிடித்து சூப்பர் ஆக்சைடாக்கும். ஒளிபடும்போது காற்றூதுவது இதற்காகவே.

குறைகள் இரண்டு. டைட்டானியம் டை ஆக்சைடின் அனட்டேஸ் என்ற படிக வகையில் இரு பட்டைகளுக்கும் நடுவே உள்ள ஆற்றல் இடைவெளி 3.2 எலெக்ட்ரான் வோல்ட். 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீள ஒளிதான் அதைத் தாண்டவைக்கும். சூரிய ஒளியில் அந்தப் புறஊதாப் பங்கு 4, 5 சதவீதமே. அடுத்தது, எலெக்ட்ரானும் துளையும் வேலை செய்வதற்குள் மீண்டும் ஒன்றுசேர்ந்து வெப்பமாகிவிடுகின்றன. நைட்ரஜன் சேர்ப்பது முதல் குறைக்கு. வெள்ளித் துகள் படியவைப்பது முக்கியமாக இரண்டாவதற்கு. கார்பன் நைட்ரைடு (இடைவெளி 2.7, சுமார் 460 நானோமீட்டர் வரை), பிஸ்மத் வனடேட் (2.4) போன்ற வேறொரு குறைகடத்தியோடு ஒட்டவைப்பது இரண்டுக்கும். துத்தநாக ஆக்சைடு மலிவாகக் கிடைக்கிறதே என்று மாணவர்கள் எடுப்பதுண்டு. அது அமிலத்தில் கரையும், ஒளியிலும் அரிக்கும். நீரில் துத்தநாகம் எவ்வளவு கரைந்தது என்று அளக்காமல் அதைப் பரிந்துரைக்காதீர்கள்.

கேள்வி: யூரியாவிலிருந்து கார்பன் நைட்ரைடு செய்தேன். 10 கிராம் போட்டால் ஒரு சிட்டிகைதான் வருகிறது, ஒருமுறை ஒன்றுமே இல்லை. என்ன தவறு? – முதுகலை மாணவி, ஈரோடு

பதில்: யூரியாவுக்கு மகசூல் எப்போதும் குறைவு, 10 கிராமுக்கு 0.3 முதல் 0.5 கிராம் வந்தாலே சரி. ஒன்றுமே இல்லாமல் போனதற்குப் பெரும்பாலும் மூடி காரணம். மூடி தளர்ந்திருந்தால் இடைப்பொருட்கள் ஆவியாகிப் பறந்துவிடும். வெப்பம் 600 டிகிரியைத் தாண்டினால் உண்டான பொருளும் சிதையத் தொடங்கும், 700-இல் மிச்சமிருக்காது. மஃபிள் பர்னஸின் (மின் உலையின்) காட்டி சொல்வதை அப்படியே நம்பாமல் தனி தெர்மோகப்பிள் (வெப்ப உணரி) வைத்து ஒருமுறை சரிபாருங்கள்.

யூரியாவை 80 டிகிரியில் உலர்த்துங்கள். அலுமினா மூசையில் பாதிக்கு மேல் போடாதீர்கள். 133 டிகிரியில் உருகி, பிறகு நுரைத்துப் பொங்கும். மூடியைப் போட்டு, மூசையை அலுமினியத் தாளால் இறுகச் சுற்றுங்கள் (550-இல் தாள் உருகாது, 660-இல் உருகும்). நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 550 வரை ஏற்றி, 3 மணி நேரம் வைத்து, கதவைத் திறக்காமல் தானாக ஆறவிடுங்கள். அமோனியா நிறைய வரும், எக்ஸாஸ்ட் இல்லாத அறையில் இதைச் செய்யவே கூடாது. கிடைத்ததை 0.1 மோலார் நைட்ரிக் அமிலத்தாலும் பிறகு நீராலும் பிஎச் 7 வரும்வரை கழுவி 80 டிகிரியில் உலர்த்துங்கள்.

நல்ல பொருள் வெளிர்மஞ்சளாக, ஊதினால் பறக்கும் அளவுக்கு லேசாக இருக்கும். வெள்ளையாக இருந்தால் வெப்பம் போதாமல் மெலம் என்ற இடைப்பொருள் நிலையிலேயே நின்றுவிட்டது. எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் 27.4 டிகிரியில் பெரிய முகடும் 13.1-இல் சிறியதும் தெரிய வேண்டும். அளவு அதிகம் வேண்டுமானால் மெலமைன் போடுங்கள், ஏறத்தாழ பாதி எடை கிடைக்கும். ஆனால் அது கட்டியாக வரும், கிராமுக்கு மேற்பரப்பு 10 சதுர மீட்டர் அளவில்தான் இருக்கும். வினைத்திறனுக்கு யூரியாவே மேல்.

கேள்வி: என் கூட்டுத் தூள் சாதாரண வெளிச்சத்தில் 60 நிமிடத்தில் மெத்திலின் நீலத்தை 98 சதவீதம் நீக்குகிறது. ஆய்விதழின் மதிப்பீட்டாளர் "இது ஒளிவினையூக்கத்துக்குச் சான்றல்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஏன்? – ஆய்வு மாணவர், காரைக்குடி

பதில்: மதிப்பீட்டாளர் சொன்னது நியாயமே. இத்துறையில் வரும் ஆய்வுகளை மிகவும் பாதிக்கும் பிரச்சினை இது, ஆகவே விரிவாகச் சொல்கிறோம்.

மெத்திலின் நீலம் தானே 664 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும். ஒளி பட்ட சாய மூலக்கூறு தன் எலெக்ட்ரானைத் தூளுக்குக் கொடுத்துவிட்டுத் தானே சிதையலாம். அப்போது ஒளியைப் பிடித்தது சாயம்தான், உங்கள் வினையூக்கி அல்ல. நிறமில்லாத மாசுக்கு இந்த வழி உதவாது. இன்னொன்று: ஆக்சிஜன் குறைந்த கரைசலில் மெத்திலின் நீலம் ஒடுக்கமடைந்து நிறமற்ற லியூக்கோ வடிவாகும். மாதிரியைத் திறந்து காற்றில் குலுக்குங்கள். நீலம் திரும்பி வந்தால் எதுவும் சிதையவில்லை.

இப்படித் திருத்திச் செய்யுங்கள். இரட்டைச் சுவர் பீக்கரில் 25 டிகிரி நீர் ஓடட்டும்; விளக்குச் சூட்டில் கரைசல் 45-க்குப் போனால் வேகக் கணக்கு பொருளற்றது. லிட்டருக்கு 10 மில்லிகிராம் சாயக் கரைசல் 100 மில்லி, தூள் 0.1 கிராம். இருட்டில் அரை மணி நேரம் கலக்கி மாதிரி எடுங்கள், மறுபடி அரை மணி கழித்து எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் உறிஞ்சல் சமநிலை வந்தது; இல்லையென்றால் காத்திருங்கள். விளக்குப் போட்ட நொடியைத்தான் சுழியம் என்று கொள்ள வேண்டும். பலர் இருட்டில் ஒட்டிப்போன 40 சதவீதத்தையும் 'சிதைவு' என்று சேர்த்துவிடுகிறார்கள். கட்புல ஒளி என்று எழுதுவதானால் 420 நானோமீட்டர் கட்-ஆஃப் பில்டர் இல்லாமல் எழுதாதீர்கள். செனான் விளக்கில் புறஊதா உண்டு.

பத்து நிமிடத்துக்கொரு முறை 3 மில்லி எடுத்து சென்ட்ரிபியூஜ் செய்யுங்கள். சிரிஞ்ச் பில்டர் போடுவதானால், தூள் போடாத சாயத்தை அதன் வழியே விட்டு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். மெத்திலின் நீலம் சில பில்டர்களில் நன்றாக ஒட்டும். தெளியாத மாதிரியில் மிதக்கும் தூள் ஒளியைச் சிதறடித்து அளவீட்டை உயர்த்தும். 800 நானோமீட்டரில் உறிஞ்சளவு சுழியத்துக்கு இறங்கவில்லை என்றால் தூள் இருக்கிறது. 10 மில்லிகிராம் கரைசலின் உறிஞ்சளவே 2 அருகில் வரும், அங்கே நேர்கோடு வளையும். அளக்குமுன் மூன்று மடங்கு நீர்த்துங்கள்.

ஒரே அலைநீளத்தை மட்டும் பார்க்காமல் 200 முதல் 800 வரை முழு நிறமாலையும் எடுங்கள். ரோடமைன் பி-யில் இது இன்னும் அவசியம்: எத்தில் தொகுதிகள் ஒவ்வொன்றாகக் கழன்றால் முகடு 554-இலிருந்து 498-க்கு நகரும். 554-ஐ மட்டும் பார்த்தால் மூலக்கூறு உடைந்ததாகத் தோன்றும், உடைந்திருக்காது.

கூடவே மூன்று சோதனைகள் கட்டாயம்: தூளின்றி ஒளி மட்டும், ஒளியின்றித் தூள் மட்டும், அதே நிலையில் பி25. கடைசியாக, நிறமற்ற ஒரு மாசோடு, உதாரணமாக லிட்டருக்கு 10 மில்லிகிராம் பீனாலோடு, திரும்பச் செய்து எச்.பி.எல்.சி.யில் (கரைசலில் உள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் கருவி) அளவிடுங்கள், மொத்தக் கரிமக் கார்பனும் தாருங்கள். பீனாலில் 98 சதவீதம் 20 ஆகச் சுருங்கக்கூடும். சுருங்கினாலும் அந்த 20-ஐயே எழுதுங்கள், அதுதான் பயன்படும் எண்.

கேள்வி: டைட்டானியம் டை ஆக்சைடில் ஒரு சதவீதம் வெள்ளி படியவைக்க எவ்வளவு சில்வர் நைட்ரேட்? – கல்லூரி ஆய்வக உதவியாளர், திருச்சி

பதில்: ஒரு கிராம் தூளுக்கு 15.7 மில்லிகிராம் (10 மில்லிகிராம் வெள்ளி). தூளை 90 மில்லி வாலை வடிநீர், 10 மில்லி மெத்தனாலில் கலக்கி, அரை மணி நேரம் நைட்ரஜன் விட்டு ஆக்சிஜனை நீக்கி, சில்வர் நைட்ரேட் சேர்த்து ஒரு மணி நேரம் புறஊதா விளக்கில் கலக்குங்கள். மெத்தனால் துளைகளை வாங்கிக்கொள்ளும், எலெக்ட்ரான்கள் வெள்ளி அயனியை உலோகமாக்கும். வெண்தூள் சாம்பல் அல்லது ஊதா கலந்த நிறம் பெறும். கழுவிய நீரில் ஒரு சொட்டு உப்புக்கரைசல் விட்டுப் பாருங்கள். கலங்கினால் வெள்ளி அயனி மிச்சமிருக்கிறது, மறுபடி கழுவுங்கள். குழாய் நீரில் இதைச் செய்தால் ஆரம்பத்திலேயே சில்வர் குளோரைடு விழுந்துவிடும்.

வெள்ளி கூடினால் வேகமும் கூடிக்கொண்டே போகும் என்று எண்ண வேண்டாம். ஓரளவுக்கு மேல் அந்தத் துகள்களே எலெக்ட்ரானும் துளையும் ஒன்றுசேரும் இடமாகிவிடும், ஒளியையும் மறைக்கும். 0.5, 1, 2 சதவீதம் மூன்றையும் செய்து ஒப்பிடுங்கள். வெள்ளி கசிந்தால் அது பாக்டீரியாவைக் கொல்லும், ஆகவே பயாலஜிக்கல் டேங்குக்கு முன்னால் இந்தத் தூள் வேண்டாம்.

கேள்வி: டைட்டானியம் டை ஆக்சைடை யூரியாவோடு அரைத்துச் சூடாக்கினால் தூள் மஞ்சளாகிறது. நைட்ரஜன் சேர்ந்துவிட்டதா? – ஆய்வு மாணவி, வேலூர்

பதில்: மஞ்சள் மட்டும் போதாது. 400 டிகிரியில் யூரியாவே டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் மஞ்சள் பாலிமராகப் படியும், கார்பன் நைட்ரைடுக்கு உறவான பொருள் அது. எக்ஸ்.பி.எஸ்.ஸில் (எக்ஸ்-கதிரால் மேற்பரப்பு அணுக்களை ஆராயும் முறை) நைட்ரஜன் முகடு 396 எலெக்ட்ரான் வோல்ட் அருகிலா, 399-400 அருகிலா என்று பாருங்கள். முதலாவது டைட்டானியத்தோடு பிணைந்ததைக் குறிக்கும். இன்னும் சூடேற்றினால் நிறம் வெளிறும், நைட்ரஜன் வெளியேறிவிடும்.

கேள்வி: வேலை முடிந்ததும் நீர் பால்போல் நிற்கிறது. தூளைக் காந்தத்தால் எடுக்க இரும்பு ஆக்சைடு சேர்க்கலாமா? – சுற்றுச்சூழல் பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: சேர்க்கலாம், ஆனால் மேக்னடைட் (காந்த இரும்பு ஆக்சைடு) மேல் டைட்டானியம் டை ஆக்சைடை நேரடியாகப் பூசக் கூடாது. அப்படிப் பூசினால் ஒளியில் எலெக்ட்ரான்கள் உள்ளே பாய்ந்து இரும்பைக் கரைக்கும், வினைத்திறனும் விழும். நடுவே சிலிகா உறை வேண்டும்.

அதற்கு முன் எளிய வழி ஒன்றைப் பாருங்கள். நீரின் பிஎச்சை 6 முதல் 6.5-க்குக் கொண்டுவந்து, கலக்காமல் ஓரிரவு விடுங்கள். மேற்பரப்பு மின்சுமை அங்கே சுழியத்தை நெருங்குவதால் துகள்கள் திரண்டு படியும். மேல்நீரைச் சைபன் செய்துவிட்டு, அடியில் உள்ள சேற்றை அடுத்த தொகுதிக்கு அப்படியே எடுக்கலாம். மிச்சக் கலங்கலுக்கு நுண்வடிகட்டி வேண்டும். திரும்பத் திரும்பப் பயன்படுத்தித் திறன் குறைந்தால், தூளைக் கழுவி 400 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டு, ஒட்டியிருக்கும் கரிமத்தை எரித்துவிடுங்கள். 600-ஐத் தாண்டினால் அனட்டேஸ் இன்னொரு படிக வகையான ரூட்டைலாக மாறத் தொடங்கி மேற்பரப்பும் சுருங்கும். கார்பன் நைட்ரைடு கலந்த தூளைச் சுடாமல் எத்தனாலால் கழுவுவது நல்லது.

கேள்வி: சூரிய ஒளிக்குப் பதில் எல்.இ.டி. விளக்கு வைத்தால் இரவிலும் ஓட்டலாமே, மின்செலவு எவ்வளவு வரும்? – சிறுதொழில் முனைவோர், பெருந்துறை

பதில்: ஒரு கன மீட்டர் நீரில் ஒரு மாசைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க எத்தனை யூனிட் மின்சாரம் என்பதே பொது அளவுகோல். கட்டுரைகளில் அடிக்கடி வரும் ஓர் அமைப்பை எடுங்கள்: 100 வாட் விளக்கு, 250 மில்லி கரைசல், ஒரு மணி நேரத்தில் 90 சதவீதம் நீக்கம். 0.1 யூனிட் செலவில் கால் லிட்டர்; ஒரு லிட்டருக்கு 0.4, ஆயிரம் லிட்டருக்கு 400 யூனிட். இதை எந்தப் பட்டறையும் தாங்காது. பெரிய கலனில் ஒளி வீணாவது குறையும், எண்ணும் இறங்கும். ஆனால் ஓசோன் சுத்திகரிப்போடு போட்டியிட அது பல மடங்கு இறங்க வேண்டும்.

சூரிய ஒளியை நம்புவதே இன்று நியாயமான வழி. ஸ்பெயினின் அல்மேரியா சூரிய ஆய்வு மையம் பல ஆண்டுகளாகச் செய்வதும் அதுவே: போரோசிலிகேட் குழாய்களில் நீர் ஓட, பின்னால் வளைந்த அலுமினியப் பிரதிபலிப்பான்கள் நேரடி ஒளியையும் மேகத்தில் சிதறி வரும் ஒளியையும் குழாயின் மேல் திருப்பும். எல்.இ.டி. விற்பனையாளர் வந்தால் மூன்று எண்களைக் கேளுங்கள்: சுவர் பிளக்கில் இழுக்கும் வாட், நீரின் அளவு, 90 சதவீதத்துக்கு ஆகும் நேரம். அதுவும் பட்டறையின் உண்மையான நீரில், வாலை வடிநீரில் கரைத்த சாயத்தில் அல்ல.

கேள்வி: பெயின்ட் கடையில் கிடைக்கும் டைட்டானியம் தூளைக் குடிநீரில் போட்டு வெயிலில் வைக்கலாமா? – குடும்பத் தலைவி, நாகர்கோவில்

பதில்: வேண்டாம், அம்மா. பெயின்ட் தூள் பெரும்பாலும் ரூட்டைல் வகை. பெயின்டையே அது சிதைத்துவிடாமல் இருக்க அலுமினா, சிலிகா பூசி அதன் ஒளிவினையை அடக்கியிருப்பார்கள். மாசும் உடையாது, நுண்தூளும் வயிற்றுக்குப் போகும். கிருமி பற்றிய கவலை என்றால் காய்ச்சிக் குடியுங்கள். பூச்சிமருந்து, சாயம் கலந்த கிணறு என்று ஐயம் இருந்தால் நீரைச் சோதனைக்குக் கொடுங்கள், முடிவு வரும்வரை அந்தக் கிணற்று நீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள். காய்ச்சினால் அவை போகாது.